ரெண்டு தூக்குப்போசி வெண்ணெய்

ஏனுங்க தம்பி, வெறும் ரொட்டியையா திங்கறீங்க? ஈரோட்டுல நீங்க ஏறினதிலிருந்து பாத்துட்டே வர்றேன். ஒவ்வொரு துண்டா எடுத்து, தண்ணி குடிச்சுத் தண்ணி குடிச்சு எறக்கறீங்க. பாக்கற எனக்கே தொண்டை அடைக்குது. வையுங்க அதை. இதா, எனக்கு எடதுகைப் பக்கம் மூடி போட்ட பாத்திரம், ஒரு தூக்குப்போசி இருக்குதுங்களே, அதைச் சித்தெ தொறங்க. அட, கூச்சப்படாதீங்க. ஈரத்துணியைப் பிரிச்சுட்டுத் தொறங்க. ம். இப்ப மோந்து பாருங்க.

எப்படி? அசல் ஊத்துக்குளி வெண்ணெய்ங்க அது. லேசா ஒரு புளிப்பு வாசம் வருதுங்களா? அதான். அந்தப் புளிப்பு இல்லாட்டி அது வெண்ணெயே இல்லை. இதா கரண்டி, நல்லா வழிச்சுத் தடவுங்க. நான் நாச்சிமுத்துங்க. வெண்ணெய்க்கடை நாச்சிமுத்துன்னு ஊத்துக்குளியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அய்யோ, வலதுகைப் பக்கத்துப் போசியைத் தொறந்துடாதீங்க! அது எங்க மாப்பிள்ளைக்கு. பாக்கறதுக்கு இதே மாதிரிதான் இருக்கும், ஆனா வெண்ணெய் இல்லீங்க. முந்திரிப்பருப்பும் தேங்காயெண்ணெயும் போட்டுப் பண்ணினது. எங்க மாப்பிள்ளை வீகனுங்க. பால், தயிர், மோரு, நெய்யி, எதுவும் தொடமாட்டாரு. மாட்டோடது மாட்டுக்குத்தான், கன்னுக்குத்தான்னு சொல்லுவாரு. வெண்ணெய்க்கடைக்காரனுக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை. சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிச்சு ஓஞ்சிருச்சு.

ரெண்டு போசியும் ஒரே மாதிரி இருக்குதே, சீட்டு எழுதி ஒட்டக்கூடாதான்னு கேக்கறீங்களா? என்ற மூக்கு இருக்கறப்ப சீட்டு எதுக்குங்க? இந்த ரயில்ல ஏசிப் பொட்டியில நான் ஏறினதே இதுக ரெண்டுக்காகத்தான். வெளிய அடிக்கற வெயிலுக்கு உருகி ஓடிரும். எனக்கு ஏசி ஆகாதுங்க. பாருங்க, தலைக்கு மப்ளர் கட்டிட்டு உக்காந்திருக்கேன்.

மூக்கைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். எங்க கடைவீதியில வெண்ணெய் சமாச்சாரத்துல ரெண்டு பேருக்குள்ள தகராறு வந்துச்சுன்னு வைங்க, நேரா எங்கூட்டுக்கு வந்துருவாங்க. நான் ஒரு துளி எடுத்துப் பொறங்கையில தேய்ப்பேன். மோந்து பாப்பேன். இது எருமை, இது பசு, இது நேத்தைய தயிரு, இது முந்தாநேத்தைய தயிருன்னு புட்டுப் புட்டு வெச்சுருவேன். இத்தனை வருசத்துல நான் சொன்னதுக்கு ஒருத்தன், ஒரே ஒருத்தன், எதிர்ப்பேச்சு பேசினதில்லீங்க. சரிங்கன்னு கையைக் கட்டிக் கேட்டுட்டுப் போயிருவாங்க. இந்த மூக்குக்கு அறுபத்திரண்டு வயசுல ஒரு நாள் சளி புடிச்சதில்லை. இப்பக் கடையை மச்சினன் பொன்னுச்சாமிதான் பாத்துக்கறான். என்ற சம்சாரத்துக்குத் தம்பி. நான் ரெண்டு வருசமா ஊட்டுல ராசா மாதிரி இருக்கேன். வெண்ணெய் தடவின ரொட்டி காலையில நாலு, பொழுதோட ரெண்டு.

எனக்கு ஒரே மகளுங்க, தாரணி. கோயமுத்தூர்ல வேலை பாத்துட்டிருந்தா. போன வருசம் சித்திரையில ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தா. பேரு நித்திலன். ஈரோட்டுப் பக்கந்தான், கூட வேலை பாக்கற பையன், நல்ல லட்சணமா இருந்தான். சரின்னு உக்கார வெச்சோம். காப்பி கொண்டாந்து வெச்சாங்க. "இல்லீங்க அங்கிள், வேண்டாங்க"ன்னான். கூச்சம்னு நெனச்சேன். மோரு கொண்டாந்தாங்க. "தண்ணி போதுங்க அங்கிள்"னான். ரொம்பக் கூச்சம்னு நெனச்சேன். சாப்பாட்டுக்கு இலை போட்டு, பருப்பு ஊத்தி, என்ற சம்சாரம் ருக்குமணி நெய்க்கரண்டியைக் கொண்டு போறா. பையன் இலைக்கு மேல ரெண்டு கையையும் விரிச்சு மறைச்சுட்டான்.

தம்பி, எங்கூட்டு நெய்யை, எங்கூட்டு இலையில, கையால மறைச்ச மொத ஆளு அவன்தானுங்க. கொண்டு வந்த நெய்யைத் திருப்பிக் கொண்டு போகத் தெரியாம ருக்குமணி அப்படியே நிக்கறா. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு அவன் கையில விழுந்துருச்சு. அவன் எந்திரிச்சுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தான்.

எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிருச்சு. "தம்பி, வெண்ணெய் திங்காம நீங்க எத்தைத் திங்கறீங்க?"ன்னேன். அதுக்கு மாத்து இருக்குதுங்கறான். வெண்ணெய்க்கு மாத்து! ரொட்டியில தடவறதுக்குத் தனியா, கேக்கு சுடறதுக்குத் தனியா, விதவிதமா இருக்குதாம். என்ற மக தலையாட்டறா. அவளும் கேக்கு சுடற பைத்தியமுங்க, சின்ன வயசிலிருந்து. எங்க கடை வெண்ணெயைப் போட்டுச் சுட்டுச் சுட்டுக் கை தேர்ந்தவ, இப்ப மாத்துக்குத் தலையாட்டறா.

அங்கதானுங்க நான் வாயை விட்டேன். பொன்னுச்சாமி உக்காந்திருக்கான், பங்காளிக ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. "சரி தம்பி. வெண்ணெய் இல்லாம ஒண்ணு பண்ணிக் கொண்டாங்க. நான் கண்ணைக் கட்டிட்டுத் திங்கறேன். எனக்கு வித்தியாசம் தெரியலீன்னா, அன்னிக்கே முகூர்த்தத் தேதி குறிச்சுரலாம். தெரிஞ்சுருச்சுன்னா, இந்தப் பேச்சை இத்தோட விட்டுரோணும்"னுட்டேன். பொன்னுச்சாமி தொடையைத் தட்டி, "மச்சான் சொன்னாச் சொன்னதுதான், நான் சாட்சி"ன்னான். அவனுக்கு இதெல்லாம் திருவிழாங்க.

அதுக்கப்பறம் எங்கூட்டு அடுப்படி பட்ட பாட்டைக் கேளுங்க. வாரம் தவறாம சனிக்கிழமை அவங்க ரெண்டு பேரும் வந்துருவாங்க. இன்னொரு துண்டு எடுத்துக்கங்க தம்பி, நெறையத் தடவுங்க.

மொத வாரம் பையன் ஒரு டப்பா கொண்டாந்தான். ரெண்டு வருசமா இதைத்தான் திங்கறேன், சுத்த வீகனுன்னான். நான் பூதக்கண்ணாடி எடுத்துட்டு வந்து டப்பாவோட பொறத்தால இருக்கற பொடி எழுத்தைப் படிச்சேன். கடைசி வரியில பால் பொடி இருக்குது! "தம்பி, இதுல பால் இருக்குதே"ன்னேன். பையன் மூஞ்சி வெளிறிப் போச்சு. ரெண்டு வருசங்க! எனக்கு அன்னிக்கு எத்தனை சந்தோசம் தெரியுமா? ஆனா பாருங்க, அவன் அங்க படியிலேயே தலையைப் புடிச்சுட்டு உக்காந்தப்ப, எனக்கே பாவமா இருந்துச்சு. அதிலிருந்து எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் நான் பொறத்தால திருப்பிப் பாத்துருவேன். உங்க ரொட்டிக் கவரைக் கூடப் பாத்துட்டேன். அதுல ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க.

அடுத்த வாரம் செக்குத் தேங்காயெண்ணெய் ஊத்தி ஒரு கேக்கு. ஊடு பூரா கல்யாண ஊட்டுல பொம்பளைக தலை சீவற வாசம். இதைத் திங்கறதா தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கறதான்னு கேட்டேன். தாரணி மூணு நாள் போன் பண்ணலை. அப்பறம் வெண்ணெய்ப் பழம்னு ஒண்ணு, பேரு மட்டுந்தான் வெண்ணெய். அதை மசிச்சுப் போட்டுச் சுட்டா கேக்கு பச்சைப் பசேல்னு வந்து நிக்குது. ருக்குமணி அதைக் கிணத்துப் பாசின்னு நெனச்சுச் சொரண்டப் போயிட்டா. கடலையை அரைச்சுப் போட்டதுல கடலைமிட்டாய் வாசம்தான் வந்துச்சு. அதுகூடத் திங்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நான் ஆறு துண்டு தின்னேன், ஆனா நல்லா இருக்குதுன்னு சொல்லலை.

டால்டான்னு யாரோ சொன்னாங்க. அதுல பாலே இல்லையாம். தம்பி, டால்டா கலந்த வெண்ணெயைக் கண்டுபுடிச்சு எத்தனை பேர் மானத்தை நான் வாங்கியிருக்கேன்! அந்தப் பேரை எங்கூட்டுல சொல்லக்கூடாதுன்னுட்டேன். நித்திலன் கையெடுத்துக் கும்புட்டு, "அது எனக்கும் வேண்டாங்க மாமா"ன்னான். அன்னிக்குத்தான் அங்கிள் போய் மாமா வந்துச்சு. நான் அதைக் கவனிச்சேன், ஆனா கவனிச்ச மாதிரிக் காட்டிக்கலை.

வெளிநாட்டு டப்பா ஒண்ணு வாங்கியாந்தான் ஒரு வாரம். ரொட்டியில தடவிப் பாத்தேன். குளிர்பொட்டியிலிருந்து எடுத்த ஒடனே என்ன அழகா வழிஞ்சு போகுதுங்கறீங்க. நம்ம வெண்ணெய் கூடக் குளிர்ல கல்லாட்டம் ஆகி ரொட்டியைக் கிழிக்கும். சரி, பையன் ஜெயிச்சான்னு நெனச்சேன். அதையே போட்டு பிஸ்கட் சுட்டாங்க பாருங்க, இருவது உருண்டை வெச்சது, அடுப்பைத் தொறந்தா ஒரே தகடு! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே பிஸ்கட்டு. "தடவறதுக்குன்னு விக்கறதுல பாதி தண்ணிங்க மாமா, சுட்டா ஓடிரும். சுடறதுக்குக் கொழுப்பு கெட்டியா வேணும்"னான். எங்க வெண்ணெயில இந்த வம்பே இல்லீங்களே, தடவுனாலும் அதுதான், சுட்டாலும் அதுதான்னேன். பொன்னுச்சாமி அந்தத் தகட்டை முறிச்சு முறிச்சு ஒரு வாரம் தின்னான்.

கடைசியா அவனே பண்றேன்னு எறங்கினான். முந்திரிப்பருப்பை ஊற வெச்சு அரைச்சு, வாசம் போக்கின தேங்காயெண்ணெயை உருக்கி ஊத்தி, கொஞ்சம் உப்பு, நெறத்துக்கு மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை. தடவறதுக்குன்னா இளக்கமா இருக்கச் சாதா எண்ணெய் ரெண்டு கரண்டி கூட. சுடறதுக்குன்னா அது வேண்டாம். பாக்க வெண்ணெயாட்டமே இருந்துச்சு. நாக்குல வெச்சேன். ஒண்ணுமே இல்லை. சப்புன்னு இருக்குது.

இங்கதானுங்க நான் ஒரு பெரிய தப்புப் பண்ணினேன். போலியாவே இருந்துட்டுப் போகட்டும், ஆனா என்ற ஊட்டுல, என்ற அடுப்படியில, இத்தனை மட்டமான போலியா? எனக்குப் பொறுக்கலைங்க. "ஏம்ப்பா, புளிப்பு எங்க? பாலை ஒறை ஊத்தி, ராத்திரி முழுக்கப் புளிச்சாத்தான வெண்ணெய்க்கு அந்த வாசம்? உன்ற முந்திரிப்பாலை யாரு புளிக்க வெச்சா? பழைய சோத்துத் தண்ணி ரெண்டு கரண்டி ஊத்தி ஒரு நாள் மூடி வெய்யி, போ"ன்னு கத்திட்டேன். பையன் ஊத்தி வெச்சான். அடுத்த நாள் தொறந்தா, தம்பி, அதே புளிப்பு வாசம்! எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

அதே சமயத்துலதான் எனக்கு வயித்துல ஒரு கோளாறு. தின்ன ஒடனே கடமுடன்னு உருளும், ஒடம்பெல்லாம் அரிக்கும். திருப்பூர்ல டாக்டர்கிட்டப் போனா, அந்த மனுசன் என்ன சொல்றாருங்கறீங்க? "உங்களுக்குப் பால் ஒத்துக்கலீங்க. பால் சாமான் மொத்தத்தையும் நிறுத்திருங்க"ங்கறாரு. யாரைப் பாத்து! எந்திரிச்சு நின்னு, "நான் வெண்ணெய்க்கடை நாச்சிமுத்து"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ருக்குமணிதான் பின்னால நின்னு அவருகிட்ட ரொம்ப நேரம் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தா, பாவம்.

நான் ஒரு மருந்தும் திங்கலை, ஒண்ணையும் நிறுத்தலை. பதனஞ்சு நாள்ல எல்லாம் தானா நின்னு போச்சுங்க! அரிப்பும் இல்லை, உருளலும் இல்லை. நல்ல வெண்ணெய் திங்கற ஒடம்புன்னா அப்படித்தான். ஒரே ஒரு மாத்தம், அன்னியிலிருந்து ரொட்டிக்கு வெண்ணெயை ருக்குமணிதான் தடவிக் குடுக்கறா, நான் அள்ளி அள்ளி வெக்கறேன்னு. தடவட்டும், அவ கை பட்டாலும் நல்லாத்தான் இருக்குது. மோரு கூட இப்ப முன்னைவிடக் கெட்டியா, வாசமா இருக்குதுங்க. பால்காரரு மாட்டை மாத்திட்டாரு போல.

சேலம் வந்துருச்சா? வாங்கம்மா, உக்காருங்க. பையை வெக்க எடமில்லீங்களா? போசியை நகத்திக்கங்க, நகத்திக்கங்க, அப்படிக் காலுக்கடியில வெச்சாலும் சரி. சாயாமப் பாத்துக்குங்க.

எங்க விட்டேன்? ஆமா, பந்தயம். மார்கழி போய் தை பொறந்ததும் பரிச்சை வெச்சுக்கலாம்னு பேச்சு. பரிச்சைக்கு மொத நாள் பொழுதோட தாரணியைக் கூப்பிட்டேன். "அம்மிணி, நாளைக்கு நான் கண்டுபுடிச்சுட்டா என்ன பண்ணுவே?"ன்னேன். அவ சண்டை போடுவான்னு நெனச்சேன். சண்டை போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். "நீங்க சொன்ன வார்த்தைங்கப்பா. நான் என்ன பண்றது, சரிங்கப்பா"ன்னு சொல்லிட்டு, அடுப்படிக்குப் போய் முந்திரிப்பருப்பை ஊறப் போட்டா. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலைங்க தம்பி. என்ற மக முகம் அப்படி இருந்து நான் பாத்ததே இல்லை. அந்தப் பையன் இல்லாட்டி அவ சிரிக்கவே மாட்டான்னு தோணிருச்சு. எனக்கும் அவனைப் புடிச்சுத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லிர்றேன்.

அதனால முடிவு பண்ணிட்டேன். தோத்துர்றதுன்னு. வேணும்னே தோக்கறது. எனக்கென்ன கஷ்டம்? போலி எதுன்னு எனக்குத் தெரியும். அதைத் தூக்கிக் காட்டி இதுதான் அசல்னு சொல்லிரணும், அவ்வளவுதான். ருக்குமணிகிட்டக் கூடச் சொல்லலை.

அடுத்த நாள் எங்கூட்டு வாசல்ல கூட்டமுங்க. கடைவீதியே வந்துருச்சு. பொன்னுச்சாமி வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நடுவர். ரெண்டு தட்டு. ஒவ்வொண்ணுலயும் தடவின ரொட்டி ஒண்ணு, சுட்ட கேக்கு ஒண்ணு. ஒரு தட்டுல எங்க கடை வெண்ணெய், இன்னொண்ணுல அவன் பண்ணினது. எது எதுன்னு சீட்டுல எழுதித் தட்டுக்கடியில வெச்சுட்டான். எனக்குக் கண்ணைக் கட்டினாங்க.

மொதத் தட்டு. கடிச்சேன். என்னமோ ஒரு புது வாசம், நாக்குக்குப் பழக்கமில்லாத ருசி. ரெண்டாவது தட்டு. கடிச்சேன். அடடா! தெனமும் காலையில என்ற சம்சாரம் தடவிக் குடுக்கற அதே ருசி, அச்சு அசலா அதே வெண்ணெய். ஆக, மொதத் தட்டு போலி. சந்தேகமே இல்லை. மனசைக் கல்லாக்கிட்டு, மூணு தலைமுறை வெண்ணெய் யாவாரத்தையும் கும்புட்டுக்கிட்டு, "மொதத் தட்டுதான் அசல் வெண்ணெய்!"னு கத்தினேன்.

பொன்னுச்சாமி சீட்டை எடுத்துப் படிச்சான். கூட்டம் விசில் அடிக்குது. "மச்சான் மூக்கு மூக்குதான்!"ங்கறான். கண்ணுக்கட்டை அவுத்துப் பாத்தா, மொதத் தட்டுச் சீட்டுல வெண்ணெய்னு எழுதியிருக்குது!

தம்பி, நான் தோக்கப் போயி ஜெயிச்சுட்டேங்க.

எப்படின்னு கேக்கறீங்களா? அன்னிக்கு எனக்கு நல்ல சளிங்க. மூக்கு கப்புனு அடைச்சிருந்துச்சு. அதை விடுங்க. தாரணி கதவோரத்துல நிக்கறா, கண்ணு கலங்கிருச்சு. நான் எந்திரிச்சு, "இல்லை, இல்லை, நான் பொய் சொன்னேன்! அது போலின்னு நெனச்சுத்தான் அசல்னு சொன்னேன்!"னேன். ஒருத்தனாவது நம்போணுமே! "பாருங்கய்யா, ஜெயிச்சும் புள்ளைக்காக எறங்கி வர்றாரு"ன்னு பங்காளி ஒருத்தரு கண்ணைத் தொடைக்கறாரு. மறுபடி வையுங்கடான்னேன். கண்ணைக் கட்டித் தட்டை மாத்தி வெச்சாங்க. மறுபடி எனக்குப் போலின்னு தெரிஞ்சதை அசல்னேன். மறுபடியும் விசிலு! மூணாவது வாட்டியும் அப்படியே. மூணுக்கு மூணு. நான் தலையில அடிச்சுக்கறேன், அவங்க மாலை வாங்க ஆள் அனுப்பறாங்க.

நித்திலன் எந்திரிச்சான். "நீங்க ஜெயிச்சுட்டீங்க மாமா. வார்த்தைன்னா வார்த்தைதான்"னு சொல்லிட்டு, அவன் கொண்டாந்த பாத்திரத்தைக் கழுவித் தொடைச்சுப் பையில வெக்கறான். அந்த நேரத்துலயும் பாத்திரத்தைக் கழுவறான் பாருங்க! வெண்ணெய்க்காரன்னு பேரு வாங்கி என்ன பிரயோசனம், என்ற வாயாலயே என்ற மக வாழ்க்கையைக் கெடுத்துட்டனேன்னு இருந்துச்சு.

அப்பத்தானுங்க ருக்குமணி அடுப்படியிலிருந்து வந்தா. முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டே, கூட்டத்துக்கு நடுவுல நின்னா. முப்பது வருசத்துல அவ கூட்டத்துல பேசி நான் கேட்டதில்லை.

"பந்தயம் என்ன? இவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது, அதுதான?"ன்னு பொன்னுச்சாமியைக் கேட்டா.

"ஆமாக்கா."

"ஆனி மாசத்திலிருந்து இவரு தெனமும் ஆறு ரொட்டிக்குத் திங்கறது நித்திலன் பண்ணின வெண்ணெய்தான். அசல் வெண்ணெய் இவரு வாயில பட்டு ஏழு மாசம் ஆச்சு. தெனமும் தின்னுட்டு, நம்ம சரக்கு நம்ம சரக்குதான்னு சப்புக்கொட்டுவாரு. ஏனுங்க, ஒரு நாளாவது உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"ன்னா என்னைப் பாத்து.

பொன்னுச்சாமி வாயைப் பொளந்துட்டு நிக்கறான். நான் அவளைப் பாத்தேன். பாத்த ஒடனே புரிஞ்சுருச்சுங்க எனக்கு. மகளுக்காகப் பொய் சொல்றா! பொய்யே சொல்லத் தெரியாதவ, அத்தனை பேருக்கு முன்னால, கண்ணு இமைக்காம, ஆனி மாசம்னு மாசக்கணக்கெல்லாம் வெச்சு எத்தனை அழகாப் பொய் சொல்றா! பொண்டாட்டியை விட்டுக்குடுக்க முடியுங்களா? "ஆமாப்பா, அவ சொல்றது நெசந்தான். எனக்குத் தெரியவே இல்லை. நான் தோத்துட்டேன்"னு தலையைக் குனிஞ்சுட்டேன். அன்னிக்கே தேதி குறிச்சாங்க. மாசியில கல்யாணம். பந்தியில ஒரு பக்கம் நெய், ஒரு பக்கம் மாப்பிள்ளை வெண்ணெய். ரெண்டும் தீந்து போச்சு.

அவகிட்ட இன்னிக்கு வரைக்கும் நான் அதைப் பத்திக் கேட்டதில்லை. கேட்டா அவளுக்குச் சங்கடம். கடைவீதியில இப்ப என்னைக் கேலி பண்றாங்க, தகராறு தீத்து வெக்க யாரும் வர்றதில்லை. இருந்துட்டுப் போகட்டும். நெசம் எனக்குத் தெரியுமில்லீங்க? என்ற பொண்டாட்டிக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்.

இப்ப அவங்க பெங்களூர்ல இருக்காங்க. நாளைக்கு மாப்பிள்ளைக்குப் பொறந்தநாளு. நம்மூட்டுப் புளிப்பு அங்க எதுலயும் வரலையாம், அதான் ருக்குமணி பண்ணிக் குடுத்து அனுப்பியிருக்கா. நாளைக்கு அதுலதான் கேக்கு. "மாமா கொண்டாந்தா டப்பாவைத் திருப்பிக்கூடப் பாக்கமாட்டேன், கண்ணை மூடிட்டுத் திம்பேன்"னு மாப்பிள்ளை போன்ல சொல்றாரு. அந்தப் பால்பொடிச் சமாச்சாரத்துக்கு அப்பறம் ஒலகத்துல அவரு நம்பற ஒரே ஆளு நானுங்க. எனக்குன்னு ஒரு போசி அசல் வெண்ணெய் கேட்டு வாங்கினேன். அவங்க ஊட்டுல அது கெடைக்காதே. பத்து நாளைக்கு ஒளிச்சு வெச்சுத் திங்கலாம்னு.

எறங்கறதுக்கு முன்னால போசியை எடுத்து வெச்சுக்கறேன். அம்மா, கால் நகத்துங்க. இதா ஒண்ணு. இதா இன்னொண்ணு. எதுங்க தம்பி எடதுபக்கம் இருந்தது? ரெண்டையும் நகத்திட்டாங்களே. நீங்க தடவின போசி கொறைஞ்சிருக்கும், பாருங்க. சாஞ்சு குலுங்கி ரெண்டும் ஒரே மட்டமா இருக்குதா? ரொட்டிக்கு எத்தனை கம்மியாத் தடவியிருக்கீங்க நீங்க!

பரவால்லை, மூக்கு எதுக்கு இருக்குது. ம்... இது. இதுதான் அசல். இருங்க, அதையும் பாத்துர்றேன். ம்... இல்லை, இதுதான் அசல். இருங்க. பொறங்கையில தேய்ச்சுப் பாத்தாத் தெரிஞ்சுரும். தம்பி, நீங்க இந்தக் கையை மோந்து பாருங்க. அந்தக் கையையும் பாருங்க. என்ன, ஒரே மாதிரி இருக்குதா? உங்களுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கு... எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது.

தம்பி, வெளையாட்டு இல்லீங்க இது. மாத்திக் குடுத்துட்டா? அந்தப் பையன் என்னை நம்பித் திங்கறவனுங்க. கண்ணை மூடிட்டுத் திம்பேன்னு சொன்னவன். மானம் போனாலும் போகட்டும், ஊட்டுக்கே போன் போட்டுர்றேன்.

ருக்குமணி? நான்தான். இல்லை, இன்னும் எறங்கலை. போசி ரெண்டும் மாறிப் போச்சு... கத்தாதே, கேளு. எது மாப்பிள்ளைக்கு? என்னது, அடியில ஒட்டியிருக்கியா? அடியில எதுக்கு ஒட்டினே? மேல ஒட்டினா நான் பாத்துருவேன்னா? பாக்காம இருக்கோணும்னா? சரி, வெச்சுர்றேன்.

தம்பி, என்ற கண்ணாடி பையில இருக்குது, நீங்களே திருப்பிப் படிச்சுச் சொல்லுங்க. இதுல? "மாப்பிள்ளைக்கு". அப்பாடா! இதான், நான் மொதல்ல சொன்னது இதைத்தான். அப்ப இது எனக்கு. இதுலயும் சீட்டு இருக்குதா? படிங்க. சத்தமாப் படிங்க தம்பி, ஏசிச் சத்தத்துல கேக்கலை.

"உங்களுக்கும் அதேதான். மூடியை இறுக்கிச் சாத்துங்க."

...

அப்ப அவ அன்னிக்குச் சொன்னது பொய் இல்லீங்களா? ஆனி மாசத்திலிருந்துன்னாளே. ஏழு மாசம். அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் வேற. நானும் அவ பொய்யைக் காப்பாத்தறதா நெனச்சுட்டு, அவளைப் பாக்கறப்பல்லாம் பெரிய மனுசனாட்டம் உள்ளுக்குள்ள சிரிச்சுட்டுத் திரிஞ்சிருக்கேன். அந்த டாக்டரு சொன்னதை நான் கேக்கலைன்னு, அவ கேட்டிருக்கா. ஒரு வார்த்தை குத்திக்காட்டாம, தெனமும் ஆறு ரொட்டிக்குத் தடவியிருக்கா.

அந்தக் கடைசி ரொட்டியை இப்படிக் குடுங்க தம்பி. கரண்டியும் குடுங்க. நல்லாத்தான் இருக்குது, படுபாவி. நல்லாத்தான் பண்ணியிருக்கா.

ஏனுங்க தம்பி...

அப்ப அந்த மோரு?